விலக்குவது குறைவாக, விலக்கினால் முழுமையாக

நேயர்களுக்கு வணக்கம்.

உணவு ஒவ்வாமை உள்ளவர்களுக்குச் சாப்பாட்டைத் திட்டமிட்டுத் தருவது என் வேலை. என்னிடம் வரும் பெற்றோரில் பலர் ஒரு நீளமான பட்டியலோடு வருகிறார்கள். பால் கூடாது, முட்டை கூடாது, கோதுமை கூடாது, கடலை கூடாது, தக்காளியும் கூடாது. இவையெல்லாம் எப்படிப் பட்டியலுக்குள் வந்தன என்று கேட்டால் பாதிக்குப் பதில் கிடைக்காது. ஒருநாள் தோலில் தடிப்பு வந்திருக்கும், யாரோ சொல்லியிருப்பார்கள், ஏதோ ஒரு ரத்தப் பரிசோதனைத் தாளில் அச்சாகியிருக்கும். குழந்தை எடை ஏறாமல் மெலிந்து நிற்கும். அதே வீட்டில், உண்மையாகவே ஆகாத அந்த ஒரே பொருள் மட்டும் கரண்டி வழியாகவும் பொரித்த எண்ணெய் வழியாகவும் தட்டுக்கு வந்துகொண்டிருக்கும். அதனால்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வது: விலக்கும் பொருள்கள் குறைவாக இருக்கட்டும், விலக்கியதை முழுமையாக விலக்குங்கள்.

ஒவ்வாமை என்பது உடலின் எதிர்ப்பு மண்டலம் உணவிலுள்ள ஒரு புரதத்தை எதிரியாக எடுத்துக்கொள்வது. பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் அது வெளியே தெரிந்துவிடும். தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, இருமல், மூச்சுத் திணறல் என்று பல வடிவங்களில் வரும். பால் குடித்தால் வயிறு உப்பிப் பேதியாவது பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸ் செரிக்காததாலும் இருக்கலாம். அது தொந்தரவுதான், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டால் கவனிப்பு முழுக்கத் தவறான இடத்தில் போய் நிற்கும்.

பரிசோதனையில் 'பாசிட்டிவ்' என்று வந்தால் மட்டும் அது ஒவ்வாமை ஆகிவிடாது. உடலில் அந்தப் புரதத்துக்கு எதிரான ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதம் இருக்கிறது என்றுதான் அதற்குப் பொருள். அதை வைத்துக்கொண்டே அந்த உணவை நிம்மதியாகச் சாப்பிடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சாப்பிட்டபோது என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்துத்தான் மருத்துவர் முடிவு செய்வார். சந்தேகம் இருந்தால் மருத்துவமனையில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்ப்பார்கள். ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்புப் புரதத்தின் அளவைப் பார்த்து நூறு உணவுகளுக்கு அட்டவணை தரும் பரிசோதனைகளுக்குத் தயவுசெய்து பணம் செலவழிக்காதீர்கள். ஒரு உணவைச் சாப்பிட்டிருக்கிறோம் என்பதைத்தான் ஐஜிஜி காட்டும், ஒவ்வாமையைக் காட்டாது.

இன்னொரு பயமும் உண்டு. வேர்க்கடலை ஆகாது என்றால் துவரை, உளுந்து என்று எல்லாப் பருப்பையும் நிறுத்திவிடுகிறார்கள். வேர்க்கடலை பருப்புக் குடும்பம்தான். ஆனாலும் அது ஆகாதவர்களில் பெரும்பாலோருக்கு மற்றப் பருப்புகள் ஒன்றும் செய்வதில்லை. மாறாக, முந்திரி ஆகாதவருக்குப் பிஸ்தாவும், பசும்பால் ஆகாதவருக்கு ஆட்டுப்பாலும் பெரும்பாலும் ஆகாது. எது எதோடு உறவு என்பதை ஊகித்து முடிவு செய்யாமல், உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, சமையலறைக்கு வருவோம். "நன்றாக வேகவைத்தால் போய்விடும் அல்லவா?" என்று பலர் கேட்கிறார்கள். எந்தப் புரதம் என்பதைப் பொறுத்தது அது. முட்டை வெள்ளையில் ஓவால்புமின் என்ற புரதம் சூட்டில் உருமாறிவிடும். அதே வெள்ளையில் இருக்கும் ஓவோமியூகாய்ட் சூட்டைத் தாங்கிக்கொண்டு அப்படியே நிற்கும். பாலில் கேசீனும் அப்படித்தான், எவ்வளவு காய்ச்சினாலும் பெரிதாக மாறாது. மீன், இறால், நண்டு ஆகியவற்றின் முக்கியப் புரதங்கள் கொதிநீரிலும் தாக்குப்பிடிக்கும். அவை வேகும்போது எழும் ஆவியை முகர்ந்தே சிலருக்கு மூச்சு இறுகும். வேர்க்கடலையை வறுத்தால் ஒவ்வாமையைத் தூண்டும் தன்மை கூடவே செய்கிறது. வேகவைக்காத ஆப்பிளைக் கடித்தால் வாய் அரிக்கும் மகரந்த ஒவ்வாமைக்காரர் பலர், அதையே வேகவைத்தால் சாப்பிட்டுவிடுகிறார்கள். அந்தப் பழப் புரதம் சூட்டில் சிதைந்துவிடுகிறது.

பாலோ முட்டையோ ஆகாத குழந்தைகளில் பெரும்பாலோர், அதை மாவோடு கலந்து அரை மணி நேரம் ஓவன் அடுப்பில் சுட்டுக் கொடுத்தால் தாங்கிக்கொள்கிறார்கள் என்பது உண்மைதான். அது எந்தக் குழந்தைக்குப் பொருந்தும் என்பதை மட்டும் வீட்டில் சோதித்துப் பார்க்காதீர்கள். முதல் முறை மருத்துவரின் கண்முன் நடக்கட்டும்.

விலக்கிய பொருள் வீட்டில் மற்றவர்களுக்காகச் சமைக்கப்படுகிறது என்றால், ஒவ்வாமை உள்ளவரின் சாப்பாட்டை முதலில் சமைத்து மூடி வைத்துவிடுங்கள். மற்றது அப்புறம். இந்த ஒரு பழக்கம் பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடும். இறாலைப் பொரித்த எண்ணெயில் உருளைக்கிழங்கைப் போட்டால் உருளைக்கிழங்கிலும் இறால் புரதம் ஏறும். மரப்பலகை, சல்லடை, டோஸ்டர் போன்றவற்றின் இடுக்குகளை முழுதாகச் சுத்தம் செய்ய முடியாது, அவற்றைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சானிடைசர் கிருமியைக் கொல்லும், புரதத்தை அகற்றாது. இதைப் பள்ளிகளிலும் விருந்துகளிலும் பலர் அறியாமலே இருக்கிறார்கள்.

பாக்கெட்டின் லேபிளை ஒவ்வொரு முறை வாங்கும்போதும் படிக்க வேண்டும். சேர்மானத்தை முன்னறிவிப்பு இல்லாமல் மாற்றுவார்கள். கேசினேட், வே பவுடர் என்று இருந்தால் பால். அல்புமின் என்றால் பெரும்பாலும் முட்டை.

ஒரு பொருளை எடுத்துவிட்டால் அது தந்துகொண்டிருந்த சத்து எங்கிருந்து வரும் என்ற கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். பாலை நிறுத்தினால் புரதம், கால்சியம், பி12 எல்லாம் சேர்ந்து குறைகின்றன. புரதத்தில் பசும்பாலை நெருங்குவது சோயா பால். பாதாம் பால், அரிசிப் பால் இரண்டிலும் புரதம் மிகக் குறைவு. வளரும் குழந்தைக்கு அவற்றை மட்டும் நம்பக் கூடாது. கால்சியம் சேர்த்த சோயா பால் போன்றவற்றை வாங்கினால், ஊற்றும் முன் நன்றாகக் குலுக்குங்கள். கால்சியம் அடியில் படிந்துவிடும்.

முட்டை இல்லாமல் கேக் போன்றவற்றைச் செய்ய, அதில் முட்டை என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். மாவைப் பிடித்து நிறுத்துவதற்கு என்றால், ஒரு மேசைக்கரண்டி ஆளி விதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்துச் சேர்க்கலாம். உப்பி எழும்புவதற்கு என்றால் சமையல் சோடாவும் கொஞ்சம் வினிகரும் போதும்.

கைக்குழந்தை உள்ளவர்களுக்கு ஒரு செய்தி. 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கடுமையான தோல் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 குழந்தைகளைப் பின்தொடர்ந்தார்கள். வேர்க்கடலையைத் தவிர்த்தவர்களில் சுமார் 17 சதவீதம் பேருக்கு ஐந்து வயதில் அந்த ஒவ்வாமை இருந்தது. சிறு வயதிலிருந்தே சாப்பிட்டவர்களில் சுமார் 3 சதவீதம்தான். தள்ளிப்போட்டால் பாதுகாப்பு என்ற பழைய அறிவுரை அத்தோடு மாறியது. இப்படி ஆபத்து அதிகமுள்ள குழந்தைக்குத் தொடங்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள். முழுக் கடலையாகத் தராதீர்கள், தொண்டையில் அடைக்கும்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருநாள் தவறு நடக்கலாம். மூச்சுத் திணறல், குரல் கம்முதல், மயக்கம் வந்தால் முதல் மருந்து அட்ரினலின் ஊசிதான். தொடையின் வெளிப்பக்க நடுவில் போட வேண்டும், அதற்கான பேனா ஊசியை உடைக்கு மேலேயே போடலாம். அரிப்புக்கான மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள், அது இந்த நிலையைத் தடுக்காது. ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சு விடச் சிரமப்பட்டால் உட்காரட்டும், நடக்க விடாதீர்கள். உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். ஐந்து நிமிடத்தில் தெளியவில்லை என்றால் இரண்டாவது ஊசி. தெளிந்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும், சில மணி நேரம் கழித்து மறுபடி வரக்கூடும்.

பால், முட்டை, கோதுமை ஒவ்வாமை பல குழந்தைகளுக்கு வளர வளரப் போய்விடும். வேர்க்கடலையில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குப் போகும். எனவே, திரும்பப் பரிசோதிக்கலாமா என்று ஆண்டுக்கொரு முறை மருத்துவரிடம் கேளுங்கள். போய்விட்டது என்று உறுதியானால் அந்த உணவை வழக்கமாகச் சாப்பிட்டுவர வேண்டும். வேர்க்கடலை விஷயத்தில், விட்டுவிட்டவர்களில் சிலருக்கு அது திரும்பி வந்திருக்கிறது.

நன்றி, வணக்கம்.