குரல் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி கேட்குதா?

பாலக்கோட்டுல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "கிடாரும் குரலும் மட்டும் வச்சு எட்டு பாட்டு வீட்லயே பதிவு பண்ணி ஆல்பமா வெளியிட்டேன். விமர்சனம் எழுதினவங்க வரிகளைப் பாராட்டுறாங்க, ஆனா குரல் கிணத்துக்குள்ள இருந்து வருதுங்கிறாங்க. விலை கூடின மைக் வாங்கணுமா?"

வேண்டாம் தம்பி. எந்த மைக் வச்சாலும் அந்த ரூம்ல அதே எதிரொலிதான் விழும். நம்ம பக்கம் வீடுங்க கான்கிரீட் கூரை, டைல்ஸ் இல்லன்னா கிரானைட் தரை, வெறும் சுவர். ரூம் நடுவுல நின்னு ஒரு தடவை கை தட்டிப் பாருங்க. தட்டின பிறகு 'கிண்ண்'னு ஒரு வால் நீளுதா? அதுதான் அந்தக் கிணறு.

நிறைய பேர் மைக்குக்குப் பின்னாடி ஃபோம் ஒட்டுறாங்க. வீட்ல பாட்டுப் பதிவுக்கு வழக்கமா வைக்கிற கார்டியாய்டு வகை மைக் தனக்கு முன்னாடி இருக்கறதைத்தான் அதிகமா வாங்கும். அதாவது உங்க குரலையும், உங்க முதுகுக்குப் பின்னாடி சுவர்ல பட்டுத் திரும்புறதையும். அதனால பஞ்சு மெத்தையை முதுகுப் பக்கம் நிறுத்துங்க. ரெண்டு பக்கமும் கனமான போர்வை, கீழ ஜமக்காளம். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் தூரம். பதிவு சாஃப்ட்வேர்ல 24 பிட் தரம் வச்சு எடுங்க, லெவல் மீட்டர்ல உச்சம் மைனஸ் 10 டெசிபெல்லைத் தாண்ட வேண்டாம். ஃபேனை நிறுத்திடுங்க. இன்வர்ட்டர் ஓடும்போது பதிவே வேண்டாம், சார்ஜர் வழியா இரைச்சல் ஏறும். லேப்டாப் பேட்டரியிலயே ஓடட்டும். பைபாஸ் ஓரம் வீடுன்னா ராத்திரியும் லாரி உறுமும். குரல் டிராக்ல 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்கற அடி ஒலியை வெட்டிடுங்க, ஓரளவு அடங்கும்.

அடுத்தது கிடார். ஓட்டைக்கு நேரா மைக் வச்சா பொதபொதன்னு விழுந்து குரலை மூடிடும். பன்னெண்டாவது ஃப்ரெட் (கிடார் கழுத்துல இருக்கற கம்பிக் கட்டை) பக்கம் திருப்பி, மிக்ஸ்ல 300 ஹெர்ட்ஸ் சுத்தி ரெண்டு மூணு டெசிபெல் குறைங்க. ரிவெர்புக்கு, அதாவது மிக்ஸ்ல நாமளே சேர்க்கிற எதிரொலிக்கு, 30 மில்லிசெகண்ட் ப்ரீ-டிலே (தாமதம்) கொடுத்தா வார்த்தை முதல்ல வரும், எதிரொலி அப்புறம் வரும். சத்தத்தை ஏத்தி நசுக்காதீங்க. ஸ்பாட்டிஃபை வழக்கமா மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ்.க்கு (காதுக்குக் கேட்கிற சத்தத்தோட அளவு) இறக்கித்தான் ஒலிக்கவிடும்.

வெளியான ஆல்பத்தை என்ன பண்றது? புது மிக்ஸ்னா புது ஐ.எஸ்.ஆர்.சி. எண் (ஒவ்வொரு பதிவுக்கும் தனியா தர்ற அடையாள எண்) வாங்கணும், கேட்டவங்க கணக்கு மறுபடி பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கும். அதனால எட்டையும் தளத்துல இருந்து நீக்காதீங்க. விமர்சனத்துல வரிகளைப் பாராட்டின ரெண்டு பாட்டை மட்டும் திரும்பப் பாடி, தனிப் பாட்டா விடுங்க. வெளியீட்டுக்கு ஒரு மாசம் முன்னாடியே அதே விமர்சகர்களுக்கு வேவ் ஃபைல் (சுருக்காத முழுத் தர ஆடியோ) லிங்க்கும் பாட்டு வரிகளும் அனுப்பி, "நீங்க சொன்ன குறையைச் சரி பண்ணியிருக்கேன்"னு ஒரே வரி எழுதுங்க.