ஒரு சொட்டு ஆரஞ்சு

வணக்கம் நேயர்களே. ஆரஞ்சுத் தோலை எரிகிற மெழுகுவத்திப் பக்கம் மடக்கிப் பிழிந்து விளையாடாத பிள்ளைகள் குறைவு. சடசடவென்று பொறி பறக்கும். பறப்பது தண்ணீர் அல்ல, தோலில் சின்னச் சின்னப் பைகளில் அடைந்து கிடக்கிற எண்ணெய். அதைச் சூடு காட்டாமல் பிழிந்து சேர்த்து, ஆரஞ்சு ஆயில், லெமன் ஆயில் என்று பேக்கரிச் சாமான் கடையில் குட்டிப் பாட்டிலில் விற்கிறார்கள். கேக்கிலும் மிட்டாயிலும் அதை எப்படிச் சேர்ப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். இது எசன்ஸ் இல்லை. எசன்ஸ் என்பது மணத்தை ஆல்கஹாலிலோ, புரோப்பிலீன் கிளைக்கால் என்ற திரவத்திலோ கரைத்து வைத்தது, தண்ணீரோடு சேரும். ஆயில் கொழுப்போடு மட்டும்தான் சேரும். மணத்தின் வீரியமும் எசன்ஸைவிட மூன்று, நான்கு மடங்கு. குறிப்பில் எசன்ஸ் ஒரு டீஸ்பூன் என்று இருந்தால், ஆயில் கால் டீஸ்பூனைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் கேக்கில் சோப்பு வாடை வரும். குறைந்துபோனால் மேல்பூச்சு க்ரீமில் ஈடுகட்டலாம். கூடிப்போனதை எடுக்க வழியே இல்லை.

ஸ்ட்ராபெரி, அன்னாசி, வாழைப்பழம் என்று எழுதிய பாட்டில்கள் வேறு கதை. அந்தப் பழங்களில் பிழிந்தெடுக்க எண்ணெய் கிடையாது. அவை மணப்பொருள்களைக் கூட்டிச் செய்த கலவை. வாழைப்பழ மணத்துக்குப் பெரும்பாலும் ஐசோஅமைல் அசிடேட் என்ற மணப்பொருள். எண்ணெயில் கரைவது, தண்ணீரில் கரைவது என்று இரண்டு விதமாகவும் வரும். லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

இங்கே எலுமிச்சை பற்றிச் சொல்லாமல் நகர முடியவில்லை. நம் சந்தையில் விற்கிற சின்ன, உருண்டை எலுமிச்சை இருக்கிறதே, அதற்கு ஆங்கிலத்தில் லைம் என்று பெயர். லெமன் என்பது தோல் தடித்து, இரண்டு முனையும் கூம்பிய மஞ்சள் பழம். லெமன் ஆயில் பாட்டிலைத் திறந்து, 'நம்ம எலுமிச்சை வாசமே இல்லையே, போலியோ' என்று நினைப்பவர்கள் உண்டு. போலி இல்லை, பழமே வேறு. சரி என்று லைம் ஆயில் வாங்கினால், அதிலும் இரண்டு வகை. தோலைப் பிழிந்து எடுத்தது ஒன்று. நறுக்கிய பச்சைத்தோல் மாதிரி மணக்கும். பழத்தை நசுக்கிச் சாறோடு கொதிக்கவைத்து ஆவியில் வடித்தது இன்னொன்று. கொதிக்கும்போது சாற்றின் புளிப்பு, எலுமிச்சைக்கு உயிரான சிட்ரால் என்ற பொருளைச் சிதைத்துவிடும். கோலா பானத்திலும் கடை மிட்டாயிலும் வருகிற எலுமிச்சை வாசம் இந்த வடித்த எண்ணெயின் வாசம்தான். மிட்டாய்க்கு வடித்தது, கேக்குக்குப் பிழிந்தது என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

அடுத்தது அளவு. பத்துச் சொட்டு விடு, ஐந்து சொட்டு விடு என்பார்கள். சொட்டு ஒரு அளவே இல்லை. எண்ணெய்ச் சொட்டு தண்ணீர்ச் சொட்டைவிடச் சின்னது. டிராப்பரின் வாய்க்கு ஏற்ப அதுவும் மாறும். மருந்துக்கடையில் ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்ச் வாங்குங்கள். 1 மில்லி ஆயிலை 9 மில்லி சூரியகாந்தி எண்ணெயில் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கலவையில் ஒரு டீஸ்பூன் எடுத்தால் அசல் ஆயில் அரை மில்லி. ஒரு கிலோ கேக் மாவுக்கு அதில் தொடங்கலாம். நல்லெண்ணெய் ஊற்றிவிடாதீர்கள், ஆரஞ்சு மணம் அதற்குள் மூழ்கிப்போகும்.

கேக் மாவில் இதை எப்போது விடுவது? வெண்ணெயும் சர்க்கரையும் அடிக்கும்போதே. பால் ஊற்றிய பிறகு விட்டால் ஒரு துண்டு மணக்கும், அடுத்த துண்டு சப்பென்று இருக்கும். முட்டையை நுரைக்க அடித்துச் செய்கிற ஸ்பாஞ்சில் எண்ணெய் நேராகப் பட்டால் நுரை அமுங்கும். உருக்கிய வெண்ணெயில் கலந்து, கடைசியாக மடித்துச் சேருங்கள். வெள்ளைக்கருவை மட்டும் அடித்துச் செய்கிற மெரிங்குக்கு ஆயில் வேண்டவே வேண்டாம், எசன்ஸ் போதும். பிஸ்கட் மெல்லியது, நன்றாகக் காய்வது; ஆவியோடு மணமும் போகும். அதனால் கேக்கைவிடக் கொஞ்சம் கூட்டலாம்.

ஆயிலுக்கென்றே அமைந்த இடம் சாக்லேட். உருக்கிய சாக்லேட்டில் அரை டீஸ்பூன் எசன்ஸ் விட்டால், கண்ணெதிரே புட்டு மாவு மாதிரித் திரண்டு கட்டிவிடும். ஈரம் பட்டதும் சர்க்கரைத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுதான் காரணம். கட்டிப்போனதைக் கொட்ட வேண்டாம். சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறினால் சாஸாகவாவது தேறும். ஆயிலில் இந்தத் தொல்லை இல்லை. 200 கிராம் சாக்லேட்டுக்கு அசல் ஆரஞ்சு ஆயில் நான்கைந்து சொட்டு. சொட்டு அளவில்லை என்று இப்போதுதான் சொன்னேன், தெரியும். ஆனால் சூரியகாந்தி எண்ணெய்க் கலவையை இங்கே ஊற்றினால் சாக்லேட் இளகி, கடிக்கும்போது 'டக்'கென்று உடையாது. ஒரு சொட்டு விட்டு, கலக்கி, ருசி பார்த்து அடுத்த சொட்டு.

இனி கல் மிட்டாய். சர்க்கரை 400 கிராம், லிக்விட் குளுக்கோஸ் 220 கிராம், தண்ணீர் 180 மில்லி. சர்க்கரை கரைந்ததும் கிளறுவதை நிறுத்துங்கள். தொடர்ந்து கிளறினால் பாகு மறுபடி சர்க்கரையாகப் பூத்துப்போகும். பாகு 150 டிகிரி செல்சியஸுக்கு வர வேண்டும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் கடலை மிட்டாய்க்குப் பார்க்கிற அதே சோதனை: தண்ணீரில் ஒரு துளி விட்டு எடுத்துத் தட்டில் போட்டால் 'டங்'கென்று சத்தம் வர வேண்டும், உடைத்தால் மடக்கென்று உடைய வேண்டும். அடுப்பை அணையுங்கள். கொதி அடங்கிக் குமிழி நிற்கட்டும், சுமார் 125 டிகிரி. அப்புறம்தான் ஆயில். ஆரஞ்சு என்றால் 1 மில்லி. கொதிக்கிற பாகில் விட்டால் மணம் முழுக்க அடுக்களைக்குத்தான், மிட்டாய்க்கு மிஞ்சாது. முகத்தைப் பாத்திரத்துக்கு மேல் நீட்டாதீர்கள், அந்த ஆவி கண்ணைக் கரிக்கும். மெழுகுவத்திப் பொறியை நினைத்துக்கொள்ளுங்கள்: பக்கத்து அடுப்பும் எரியக் கூடாது.

அதோடு சிட்ரிக் ஆசிட் 5 கிராம். புளிப்பு இல்லாத ஸ்ட்ராபெரி மிட்டாய், வாசனைத் திரவியத்தைச் சப்புகிற மாதிரி இருக்கும். இதையும் அடுப்பை அணைத்த பிறகே போட வேண்டும். கொதிக்கும்போது போட்டால் சர்க்கரை உடைந்து, மறுநாளே மிட்டாய் பிசுபிசுக்கும்.

நேரமாயிற்று என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். பாதுகாப்பது பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், சுருக்கமாக: உணவுக்கானது என்று லேபிளில் இருப்பதை மட்டும் வாங்குங்கள், அறைக்கு மணமூட்டும் எண்ணெய் வேண்டாம். குழந்தைகள் கைக்கு எட்டாமல், பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலில், ஃப்ரிட்ஜில் வையுங்கள். பெயின்டில் கலக்கிற டர்பன்டைன் மாதிரி வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். ரப்பர் டிராப்பரைப் பாட்டிலிலேயே செருகி மூடாதீர்கள். எண்ணெய் பட்டு ரப்பர் ஊதி, பாட்டிலுக்குள்ளேயே பிசுபிசுக்கும். வணக்கம்.