விறகுக் கட்டைக்குள் ஒரு புழு

(ஊர்ப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் இதே கூடத்தில் சோலார் மின்சாரம் பற்றிக் கூட்டம் நடந்தது. அடுத்த வாரம் ஏரியில் ஆகாயத்தாமரை அகற்றும் முகாம் இருக்கிறது. அதற்கு வந்தவர்கள் இதற்கு வருவதில்லை, இதற்கு வருகிறவர்களை அங்கே பார்க்க முடிவதில்லை. ஒன்று கரண்ட் விஷயம், இன்னொன்று செடிகொடி விஷயம் என்று நாமே பிரித்து வைத்துவிட்டோம். இரண்டையும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து பேசுங்கள் என்று கேட்கத்தான் இன்று வந்திருக்கிறேன்.

விறகிலிருந்து தொடங்குகிறேன். மனிதனுக்குக் கிடைத்த முதல் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் அதுதானே. வெட்டினால் மறுபடி வளரும், மறுபடி எரிக்கலாம். 2002-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துப் பக்கம் ஆஷ் என்ற அந்த ஊர் மரங்கள் வரிசையாகப் பட்டுப்போவதைப் பார்த்துவிட்டு ஆராய்ந்தார்கள். பட்டையை உரித்தால் உள்ளே பாம்பு ஊர்ந்த தடம் போல வளைந்து வளைந்து சுரங்கங்கள். கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த ஒரு பச்சை வண்டின் புழுக்கள் குடைந்தவை அவை. அந்த வண்டு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். இலையில் தயாராகும் உணவு வேருக்கு இறங்குகிற பாதையைப் புழு அறுத்துவிடுகிறது. சில வருடங்களில் மரம் காய்ந்துவிடும். இப்படிச் செத்த மரங்கள் கோடிக்கணக்கில்.

அந்த வண்டு தன் சிறகால் பறந்தால் ஒரு வருடத்தில் சில கிலோமீட்டர்தான் போகும். ஆனால் விறகுக் கட்டைக்குள் புழுவாக இருந்துகொண்டு, யாரோ ஒருவருடைய வண்டியில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய்விடும். விறகை ஏற்றிப் போனவர் கெட்டவர் இல்லை. குளிருக்கு எரிக்க நாலு கட்டை எடுத்துப் போனார், பட்டைக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. விறகை எங்கே வாங்குகிறீர்களோ அங்கேயே எரித்துவிடுங்கள் என்று அந்த நாட்டில் இன்றைக்கும் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எரிபொருளைப் பற்றிப் பேசுகிறவர் பூச்சியைப் பற்றியும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் எனக்குத் தெரியாது.

சரி, இப்போது இதைப் பாருங்கள். இன்று காலையில் எடுத்துவந்த ஆகாயத்தாமரைச் செடி. முன்வரிசையில் இருப்பவர்கள் வாங்கிப் பார்த்துவிட்டுப் பின்னால் கொடுங்கள். இலைக்காம்பு அடியில் புடைத்திருக்கிறது பாருங்கள், கத்தியால் குறுக்கே வெட்டுகிறேன். உள்ளே வெள்ளையாக, சின்னச் சின்ன காற்றறைகள். இதனால்தான் மிதக்கிறது. கையால் அழுத்தினால் தண்ணீர் சொட்டுகிறது. இந்தச் செடி ஒரு கிலோ என்றால் அதில் 900 கிராமுக்கு மேல் வெறும் தண்ணீர்தான்.

"இவ்வளவு களை கிடக்கிறதே, இதிலிருந்து கரண்ட் எடுக்கலாமே" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது கேட்பார்கள். நல்ல கேள்விதான். எடுக்கலாம். நறுக்கிச் சாணத்தோடு கலந்து எரிவாயுக் கலனில் போட்டால் வாயு வரும், அடுப்பு எரியும். ஆனால் பத்து டன் செடியை லாரியில் ஏற்றித் தொலைவில் கொண்டுபோனால், ஒன்பது டன்னுக்கும் மேல் தண்ணீரைத்தான் டீசல் செலவழித்துச் சுமக்கிறோம். கலன் கரையிலேயே இருந்தால்தான் கணக்கு ஒத்துவரும். இன்னொன்று, இந்தச் செடி தண்ணீரில் இருக்கும் ஈயம் போன்ற நச்சுக் கன உலோகங்களையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஆலைக் கழிவு கலந்த நீர்நிலையில் எடுத்த செடி என்றால், கலனிலிருந்து வரும் கழிவைப் பரிசோதிக்காமல் சாப்பாட்டுப் பயிருக்கு உரமாகப் போடக்கூடாது.

இதெல்லாம் பரவாயில்லை, சமாளித்துவிடலாம். என் பெரிய கவலை வேறு. ஆகாயத்தாமரை நல்ல வெயிலும் சத்தும் கிடைத்தால் இரண்டே வாரத்தில் இரண்டு மடங்காகும். அதன் விதை சேற்றில் 20 வருடம் வரை உயிரோடு கிடக்கும். இதை நம்பி ஒரு கலன் கட்டி, அதில் நாலு பேருக்கு வேலையும் கொடுத்துவிட்டோம் என்று வையுங்கள். களை ஒழிந்தால் கலன் நின்றுபோகும், அந்த நாலு பேருக்கும் வேலை போகும். அப்புறம் இதை முழுசாக ஒழிக்க யாருக்கு மனசு வரும்? ஒரு ஓரத்தில் கொஞ்சம் இருக்கட்டுமே என்றுதான் தோன்றும்.

கென்யாவில் பாரிங்கோ என்று ஒரு பகுதி. 1980-களின் தொடக்கத்தில், நிலம் பாலைவனமாகாமல் இருக்கவும் விறகு கிடைக்கவும் என்று அங்கே சீமைக் கருவேலத்தை நட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான். ஆடுமாடுகள் இனிப்பான நெற்றுகளைத் தின்று, விதைகளைச் சாணத்தோடு எல்லா இடத்திலும் போட்டன. மேய்ச்சல் நிலம் முள்காடானது. நெற்றிலிருக்கும் சர்க்கரையால் ஆடுகளுக்குப் பல் சொத்தையாகி விழுந்தது. 2006-இல் அந்த மக்கள் அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டு, பல் போன ஆடு ஒன்றை நீதிமன்றத்துக்கே கொண்டுவந்து காட்டினார்கள். அதே மண்ணில் அதே மரத்தை வெட்டிக் கரி போட்டுப் பிழைக்கிற குடும்பங்களும் இருக்கின்றன. அவர்கள்மேல் நான் குறை சொல்லவே மாட்டேன், வந்ததை வைத்துப் பிழைக்கிறார்கள். ஆனால் கரிக்காக மேலோடு வெட்டினால் அடிக்கட்டை நிற்கும், அது தழைக்கும். மரம் குறையாது.

களையை எரிபொருளாக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முதல் நாளே முடிவுத் தேதியை எழுதிவிடுங்கள் என்கிறேன். எத்தனை வருடத்தில் இந்தக் களை தீரும், தீர்ந்தபின் கலனுக்குச் சாணமா, சந்தைக் கழிவா, வைக்கோலா, எது வரும்? இதற்குப் பதில் இல்லாத திட்டத்துக்குக் கை தூக்காதீர்கள். ராட்சத நாணலை எரிபொருள் பயிராக 2013-இல் அமெரிக்கா ஏற்றுக்கொண்டபோது, அது பரவாமல் தடுக்கும் திட்டமும் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். அந்தச் செடியின் துண்டு வெள்ளத்தில் அடித்துப்போய் எங்கே ஒதுங்கினாலும் வேர்பிடிக்கும். நிபந்தனை போட்டதில் தப்பே இல்லை.

மறுபக்கமும் இருக்கிறது. ஆற்றல் திட்டமே களைக்கு வீடு கட்டிக்கொடுப்பதும் உண்டு. ஆப்பிரிக்காவில் ஜாம்பியா-ஜிம்பாப்வே எல்லையில் மின்சாரத்துக்காகக் கட்டிய கரீபா அணையில் தண்ணீர் தேங்கத் தொடங்கிய சில வருடங்களில், சால்வீனியா என்ற மிதக்கும் களை நீர்த்தேக்கத்தின் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கில் பாய் விரித்தது போலப் படர்ந்தது. உகாண்டாவின் ஜிஞ்சாவில் நீர்மின் நிலையத்துக்குத் தண்ணீர் போகும் வழியை ஆகாயத்தாமரை அடைத்தது. சோலார் பண்ணைக்கு மண்ணைச் சமன் செய்கிறோம், வெளியூர் வண்டிகள் வருகின்றன, டயரில் ஒட்டிய சேற்றில் விதைகளும் வருகின்றன. வெறும் மண்ணில் முதலில் முளைப்பது களைதான். வண்டியை வாசலிலேயே கழுவச் சொல்வது பெரிய செலவு இல்லை. ஆனால் அதைச் சொல்லத் தெரிந்தவர் அந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டும்.

கூட்டம் போட்டால் என்ன ஆகிவிடும் என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு டென்மார்க்கின் சாம்சோ தீவைச் சொல்வேன். சுமார் 4,000 பேர் வாழும் தீவு. 1997-இல் அரசாங்கப் போட்டியில் ஜெயித்து, புதுப்பிக்கத்தக்க ஆற்றல் தீவாக மாற ஒப்புக்கொண்டார்கள். அடுத்த சில வருடங்களில் நிலத்தில் 11, கடலில் 10 காற்றாலைகள். விவசாயிகளும் சாதாரணக் குடும்பங்களும் பங்கு வாங்கினார்கள். அதற்கு முன்னால் எத்தனை தடவை உட்கார்ந்து பேசியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். வீடுகளைச் சூடாக்க அவர்கள் வைக்கோலையும் எரிக்கிறார்கள். அறுவடையில் மிஞ்சுவது அது, யாரும் களையை நம்பி உட்கார வேண்டியதில்லை.

தென்னாப்பிரிக்காவில் 1995-இல் தொடங்கிய 'வொர்க்கிங் ஃபார் வாட்டர்' திட்டத்தில், வேலை இல்லாதவர்களுக்குக் கூலி கொடுத்துத் தண்ணீரை உறிஞ்சும் அயல் மரங்களை அகற்றினார்கள். வெட்டிய இடத்துக்கே மறுபடி போய், முளைத்ததை மறுபடி எடுக்க வேண்டும் என்பதும் அந்த வேலையில் சேர்ந்ததுதான். நம் முகாம்களில் விட்டுப்போவது அதுதான். முதல் நாள் இருநூறு பேர், புகைப்படம், கைதட்டல். மூன்று மாதம் கழித்து அதே கரையில் ஒருவர்கூட இல்லை.

அதனால் அடுத்த வார முகாமின் அறிவிப்புப் பலகையில் இன்னும் மூன்று தேதிகளை எழுதச் சொல்லியிருக்கிறேன். மூன்று வாரம், மூன்று மாதம், ஒரு வருடம். சோலார் குழுவினரும் அந்தத் தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு சீமைக் கருவேல அடிக்கட்டை இருக்கிறது. ஆறு மாதம் முன்பு தரையோடு வெட்டினோம், வேலை முடிந்தது என்று நினைத்தோம். வரும்போது எண்ணிப் பார்த்தேன், பதினான்கு கிளை விட்டிருக்கிறது. தண்டும் வேரும் சேரும் அந்தத் தூர் மண்ணுக்குள் இருக்கிறது, அதைப் பெயர்த்தால்தான் மறுபடி வராது. நான்கு கடப்பாரையும் ஒரு மண்வெட்டியும் சுவரோரம் சாத்தி வைத்திருக்கிறேன். இருட்டுவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, வாருங்கள், போகலாம்.