ஊசி புதுசு, மை?

நடுவர் அவர்களே, கல்லடிக் கடற்காற்றில் கதிரையை விட்டு எழும்பாமல் இருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

‘பச்சை குத்துவது அழகா, ஆபத்தா?’ என்பது கேள்வி. அழகுக்காக வந்த எதிரணித் தம்பி சட்டைக் கையைச் சுருட்டி, சிவப்பு ரோஜாவைக் காட்டிக் கைதட்டு வாங்கிவிட்டார். “எங்கட அம்மம்மாவும் பச்சை குத்தினவதான், தொண்ணூறு வயது வரைக்கும் இருந்தவ. இப்ப எல்லாம் புது ஊசி, பயமில்லை” என்றார்.

அம்மம்மா நல்லாயிருந்தது சந்தோசம். ஆனால் அந்தக் காலத்தில் செங்கமாரி வந்தால் கீழ்காய்நெல்லியை அரைத்துக் குடித்தார்கள். எதனால் வந்தது என்று யார் இரத்தம் எடுத்துப் பார்த்தது? தப்பினவர்கள் கதை சொல்கிறார்கள், தப்பாதவர்கள் எங்கே வந்து சொல்வது?

சரி, ஊசி புதுசு. மை? போன வருசம் ஒரு திருவிழாக் கடைவீதியில் கண்ணால் கண்டேன். பெடியன் உறையைக் கிழித்துப் புது ஊசிதான் போட்டான், அதை மறுக்கவில்லை. பக்கத்தில் ஒரு யோகட் கோப்பையில் தண்ணீர். குத்துகிற இடையில் ஊசியை அதில்தான் அலசுகிறான். முதல் ஆள் எழும்பும்போது தண்ணீர் சாம்பல் நிறம், மூன்றாவது ஆள் இருக்கும்போது லேசாகச் சிவப்பு. கோப்பை மாறவே இல்லை! நடுவில் போன் அடித்தது, கையுறையோடு எடுத்துப் பேசிவிட்டு அதே கையால் மையைத் தொட்டான். இரத்தத்தால் தொற்றி ஈரலைத் தாக்குகிற, செங்கமாரியும் வரவைக்கிற ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே ஏழு நாளாவது உயிரோடு கிடக்கும். அதற்காவது தடுப்பூசி உண்டு, ஹெப்படைட்டிஸ் சி-க்கு இன்றுவரை இல்லை.

“அது தெருக்கடை, நல்ல கடைக்குப் போனால் போச்சு” என்பீர்கள். 2011-ஆம் ஆண்டுக் கடைசியில் அமெரிக்காவின் ரொச்செஸ்டர் நகரில் பச்சை குத்திய 19 பேருக்கு அந்த இடத்தில் சிவந்த பருக்கள் கிளம்பின. குத்தியவர் சுத்தமாகத்தான் வேலை செய்திருந்தார். நிழல் போடுவதற்காக முன்கூட்டியே ஐதாக்கி விற்ற சாம்பல் மைக்குள்ளேயே கிருமி இருந்தது. காசநோய்க் கிருமியின் தூரத்துச் சொந்தம் அது, சாதாரண மருந்துக்கு லேசில் மசியாது. அடைத்த போத்தலுக்குள் இருப்பதை எந்தப் புது ஊசி தடுக்கும், தம்பி?

அடுத்தது கடல். அறுகம்பேயில் பச்சை குத்திய கையோடு அலையில் இறங்குகிறவர்கள் கொஞ்சப் பேரா? பச்சை குத்தியது ஆறும்வரை அது புண், நாம்தான் அதைப் படம் என்கிறோம். மெக்சிக்கோ வளைகுடாவில், பச்சை குத்தி ஐந்தாம் நாள் கடலில் குளித்த 31 வயதுக்காரர் ஒருவர், கடல்நீர்க் கிருமி உள்ளே போய் இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்தார். அவருக்கு ஏற்கெனவே ஈரல் வருத்தம் இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் நம்மில் எத்தனை பேருக்குத் தன் ஈரலின் நிலை தெரியும்?

பெண்கள் பக்கம் சிரிப்புக் கேட்கிறது. கறுப்பு மெஹெந்தி உங்களுக்குத்தான். மருதாணி இலை கறுக்காது, செக்கச்செவேலென்றுதான் பிடிக்கும். ஒரு மணித்தியாலத்தில் கன்னங்கரேலென்று வந்தால், பெரும்பாலும் தலைமுடிச் சாயத்தில் போடுகிற பிபிடி என்ற இரசாயனம் கலந்திருக்கிறது. என் மச்சாள் ஒருத்திக்குக் கலியாணத்துக்கு வரைந்த கொடி, நாலாம் நாள் கொடியாகவே கொப்பளித்தது. இலைக்கு இலை கொப்பளம். இனி அவள் நரைக்கு டை அடிக்கவும் பயப்பட வேண்டும், அந்த ஒவ்வாமை ஆயுளுக்கும் கூட வரும்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், ஒரே ஒரு விசயம். பச்சை குத்துகிற நிறங்களில் அதிகம் ஒவ்வாமை தருவது சிவப்பு. அன்றைக்கே வரவேண்டும் என்றில்லை, வருசம் கழித்தும் வரும். தம்பி, கீழே இறங்கியதும் அந்த ரோஜாவை ஒருக்காத் தடவிப் பாருங்கள். இலை மட்டமாக இருந்து, பூ மட்டும் தடித்திருந்தால் என்னிடம் வரவேண்டாம், நேரே தோல் டொக்டரிடம் போங்கள்.