ஆனதோத் நிலத்தின் கிரயப்பத்திரம்

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே,

கர்த்தர் தம்முடைய ஜனத்துக்குச் சகாயம் செய்வார் என்ற வாக்குத்தத்தத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், செங்கடல் பிளந்ததையும் எரிகோவின் மதில் விழுந்ததையும் எடுத்துக்கொள்வது வழக்கம். நான் எடுத்துக்கொண்டிருப்பது எரேமியா 32ஆம் அதிகாரம். இங்கே விழப்போவது எருசலேமின் மதில்.

யூதாவின் ராஜாவாகிய சிதேக்கியா அரசாண்ட 10ஆம் வருஷம், ஏறத்தாழ கி.மு. 587. பாபிலோனியப் படை நகரத்தை வளைத்து, மதிலுக்கு எதிராக மண்மேடுகளை எழுப்பிவிட்டது. நகரம் பிடிபடும் என்று சொன்னதற்காகத் தீர்க்கதரிசியாகிய எரேமியா காவற்சாலை முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அங்கே அவருடைய தகப்பனின் சகோதரனாகிய சல்லூமின் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்திலுள்ள தன் நிலத்தை வாங்கிக்கொள்ளும்படி கேட்கிறான். நிலம் குடும்பத்தை விட்டுப் போகாதபடி உறவினன் அதை வாங்கிக்கொள்ளும் மீட்கும் உரிமை எரேமியாவுக்கே உண்டு என்கிறான்.

அந்த நிலத்தின் நிலைமையைப் பாருங்கள். மதிலுக்கு வெளியே, எருசலேமுக்கு வடகிழக்கில் சில கிலோமீட்டர் தொலைவில் கிடக்கிறது. அவ்வூர் மனிதரே முன்பு எரேமியாவின் உயிரை வாங்கத் தேடியவர்கள். விட்டுச்செல்ல அவருக்குப் பிள்ளையும் இல்லை. பெண் கொள்ளவேண்டாம் என்று கர்த்தர் ஏற்கெனவே கட்டளையிட்டிருந்தார். அனாமெயேலின் உள்நோக்கத்தை வேதம் சொல்லவில்லை; எல்லாம் போவதற்குள் கையில் கொஞ்சம் வெள்ளி வரட்டும் என்று நினைத்திருப்பான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எரேமியா வாங்கினார். 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார். பத்திரம் எழுதி, முத்திரையிட்டு, சாட்சிகளைக் கையொப்பமிடச் செய்தார். முத்திரையிட்ட பத்திரத்தையும் திறந்த பிரதியையும், முற்றத்தில் இருந்த எல்லாருக்கும் முன்பாகத் தம் எழுத்தராகிய பாருக்கின் கையில் கொடுத்து, அவை நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். தீர்க்கதரிசனப் புத்தகத்தில் இத்தனை பத்திர நடைமுறை எதற்கு என்று கேட்கத் தோன்றும். இந்த தேசத்தில் வீடுகளும் நிலங்களும் திராட்சத்தோட்டங்களும் மறுபடியும் வாங்கப்படும் என்று கர்த்தர் சொன்னார்; சொன்னதை நாளைக்குச் சாட்சிகளோடு எடுத்துக் காட்டும்படி எழுத்தில் வைக்கவும் செய்தார்.

பத்திரத்தைக் கொடுத்த பிறகுதான் எரேமியா ஜெபிக்கிறார். உம்மால் செய்யக்கூடாதது ஒன்றுமில்லை என்று தொடங்கி, மண்மேடுகள் நகரத்தை எட்டிவிட்டனவே, இந்த வேளையிலா நிலத்தை வாங்கச் சொன்னீர் என்ற திகைப்பில் முடிக்கிறார். விசுவாசி கலங்கவே மாட்டான் என்று மேடைகளில் சொல்லப்படுவது இந்த ஜெபத்துக்கு முன் நிற்காது. கர்த்தருடைய பதிலும் நாம் எதிர்பார்க்கிற விதமாக இல்லை. நகரம் அக்கினியால் சுட்டெரிக்கப்படும் என்பதை அவர் திரும்பப் பெறவில்லை. அதே மூச்சில், சிதறடித்த ஜனத்தைத் திரும்பக் கூட்டிச்சேர்த்து இந்த ஸ்தலத்தில் சுகமாய்க் குடியிருக்கப்பண்ணுவேன் என்கிறார். சகாயம் என்றால் ஆபத்து அணுகாமல் காப்பது மட்டுமே என்று எண்ணுகிறவர்களுக்கு இந்தப் பதில் கசக்கத்தான் செய்யும்.

நகரம் எரிந்தது. எரேமியா எகிப்துக்குக் கொண்டுபோகப்பட்டார். அந்த நிலத்தில் அவர் ஏர் பூட்டியதாக நாம் எங்கும் வாசிப்பதில்லை. கி.மு. 538இல் பெர்சிய ராஜாவாகிய கோரேஸ் கட்டளையிட்டு ஜனங்கள் திரும்பியபோது, எரேமியாவின் வாயினாலே கர்த்தர் சொன்னது நிறைவேறவே அது நடந்தது என்று எஸ்றாவின் புத்தகம் தொடங்குகிறது. அடுத்த அதிகாரத்தின் பெயர்ப்பட்டியலில், நாம் பெரும்பாலும் வாசிக்காமல் தாண்டிப்போகிற ஒரு வரி உண்டு: ஆனதோத்தின் மனிதர் 128 பேர்.

ஆனாலும் கிறிஸ்தவர்களாகிய நாம் அந்த 128 பேரோடு நின்றுவிட முடியாது. நிலம் வாங்கிய அதிகாரத்துக்கு முந்தின எரேமியா 31ஆம் அதிகாரத்தில்தான் புதிய உடன்படிக்கையின் வாக்குத்தத்தம் இருக்கிறது. அதில் கர்த்தர் தம் ஜனத்தின் அக்கிரமத்தை மன்னிப்பேன் என்கிறார். அந்த உடன்படிக்கையைத் தம்முடைய இரத்தத்தினாலாகிறது என்று பாத்திரத்தைக் கையில் எடுத்து இயேசு சொன்னது, உயிர்த்தெழுந்த பின்பல்ல. யூதாஸ் விலை பேசி முடித்துவிட்டிருந்த, காட்டிக்கொடுக்கப்பட்ட அந்த இராத்திரியிலேயே.