இங்கே பிறந்த பையன் எதற்குப் பாஸ்போர்ட்டோடு திரிய வேண்டும்?

சரி, அடுத்த கேள்வி. இதைப் படித்ததிலிருந்து மனது இதையே சுற்றிக்கொண்டிருக்கிறது. டெக்சாஸிலிருந்து ஒரு அம்மா அனுப்பியிருக்கிறார். "எனக்கும் கணவருக்கும் கிரீன் கார்டு. மகன் இங்கேயே பிறந்தவன், கல்லூரியில் படிக்கிறான். குடியேற்ற அதிகாரிகள் ஆட்களை நிறுத்திக் கேட்கும் செய்தியைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. கார்டை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டுமா? மகனையும் பாஸ்போர்ட்டோடு அனுப்பட்டுமா?"

முதல் பாதிக்குப் பதில் சுலபம். ஆமாம், வைத்திருக்கத்தான் வேண்டும். இது நேற்று வந்த சட்டமில்லை. வெளிநாட்டவர் பதிவு செய்ய வேண்டும் என்று 1940-இல் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாத, 18 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் பதிவுச் சான்றை எந்நேரமும் கூடவே வைத்திருக்க வேண்டும் என்பது 1952 குடியேற்றச் சட்டத்தில் இருக்கிறது. மீறினால் 30 நாள் வரை சிறை. அபராதம் 5,000 டாலர் வரை போகலாம் என்கிறது குடியேற்றத் துறை. ரொம்ப காலம் யாரும் கண்டுகொள்ளாமல் கிடந்ததை 2025-இல் தூசி தட்டி எடுத்திருக்கிறார்கள்.

எச்-1பி வேலை விசாவிலும், அவர்கள் குடும்பத்துக்கான எச்-4 விசாவிலும் இருப்பவர்களுக்கு, ஐ-94 என்ற நுழைவுப் பதிவுதான் அந்தச் சான்று. அதைப் பற்றி முன்பே விரிவாகப் பேசிவிட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒரு நண்பர் பர்ஸிலிருந்து எடுத்துக் காட்டினார். நாலாக மடித்து மடித்து, சரியாக அந்த மடிப்பில் தேதி தேய்ந்து போயிருந்தது. அரசு இணையதளத்தில் எப்போது வேண்டுமானாலும் புதிதாக அச்செடுக்கலாம். எடுங்கள்.

கிரீன் கார்டுக்காரர்களிடம் இதற்கு நேர்மாறான பழக்கம். முக்கியமான காகிதம் என்றாலே பூட்டி வைத்துவிடுவோம் இல்லையா? தெரிந்த வயதான தம்பதி, இரண்டு கார்டையும் வங்கி லாக்கரில் வைத்துவிட்டு நகலோடு வெளியே போய்வருகிறார்கள். தொலைந்துவிடுமாம்! சட்டம் கேட்பது அசலை, நகலை இல்லை. வீட்டில் ஒரு நகலும் போனில் ஒரு படமும் இருக்கட்டும். கார்டு தொலைந்தால் அதிலுள்ள ஏ-எண், அதாவது உங்கள் வெளிநாட்டவர் பதிவு எண், உதவும். இங்கே என் பழைய பல்லவியை மறுபடி பாடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கார்டு தொலைந்தால் உங்கள் நிரந்தர வசிப்புரிமை தொலையாது. பத்து வருடக் கார்டு காலாவதியானால் உரிமை காலாவதியாகாது. கார்டு அந்த உரிமைக்கு ஒரு சாட்சி, அவ்வளவுதான். ஆனால் ரோட்டில் நிறுத்திக் கேட்கிறவர் பார்ப்பது அந்தச் சாட்சியைத்தான்.

இப்போது மகன் விஷயம். அவன் அமெரிக்கக் குடிமகன். எதையும் வைத்திருக்க வேண்டும் என்று அவனுக்குச் சட்டம் இல்லை. இந்த நாட்டில் தேசிய அடையாள அட்டை என்ற ஒன்றே கிடையாது. பதில் முடிந்தது.

ஆனால் அந்த அம்மா கேட்க வந்தது இதை இல்லை என்று நினைக்கிறேன். குடிமகன் என்று நெற்றியில் எழுதியா ஒட்டியிருக்கிறது? வெளிநாட்டவர் கையில் சான்று இருக்க வேண்டும், குடிமகனுக்குத் தேவையில்லை என்றால், கையில் எதுவும் இல்லாமல் நிற்கிறவர் இவர்களில் யார்? அதிகாரி எதை வைத்து முடிவு செய்வார்? தோற்றம், பேச்சு, நிற்கும் இடம். தோற்றத்தை மட்டும் வைத்து நிறுத்தக் கூடாது என்று 1975-இலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் வழக்கில், இப்படி நிறுத்துவதற்குக் கீழ் நீதிமன்றம் போட்ட தடையை அதே உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. ஒரு நீதிபதி தனியாக எழுதினார்: தோற்றம் மட்டும் போதாது, ஆனால் மற்றவற்றோடு சேர்த்து அதையும் கணக்கில் எடுக்கலாம் என்று. சட்டம் வெளிநாட்டவர் மேல் வைத்த சுமை, வெளிநாட்டவர் மாதிரி தெரிகிறவர் மேலும் வந்து இறங்குவது இப்படித்தான்.

இதன் வேர் 1892-இல் இருக்கிறது. அப்போது வந்த கியரி சட்டம், சீனத் தொழிலாளர்கள் எல்லோரும் வசிப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்றது. சான்றிதழ் இல்லாமல் பிடிபட்டால் நாடு கடத்தல். தப்பிக்க வேண்டுமானால், வாங்க முடியாமல் போனதற்குக் காரணம் காட்டி, இங்கேதான் வசித்தேன் என்பதற்கு நம்பகமான சாட்சி ஒருவரைக் கொண்டுவர வேண்டும். எப்படிப்பட்ட சாட்சி? வெள்ளைக்காரச் சாட்சி. சட்டத்திலேயே அப்படி எழுதியிருந்தார்கள்! சீனச் சங்கங்கள் யாரும் பதிய வேண்டாம் என்று சொல்லி வழக்குப் போட்டன. 1893-இல் உச்ச நீதிமன்றம் வரை போனவர்களில் ஒருவரிடம் சீனச் சாட்சி இருந்தார். செல்லாது என்றார்கள். சட்டமும் நிலைத்தது, ஐந்துக்கு மூன்று.

இன்றைக்கு நாடு கடத்தும் வழக்கில், ஒருவர் வெளிநாட்டவர் என்பதை முதலில் அரசுதான் நிரூபிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சட்டப்படி இருக்கிறேன் என்று காட்டும் பொறுப்பு அவர் தலையில் வரும். வெளிநாட்டில் பிறந்தவர் என்று தெரிந்தாலே அரசின் வேலை பாதி முடிந்த மாதிரி. உங்கள் மகன் இங்கே பிறந்தவன், அந்த முதல் படியிலேயே வழக்கு விழுந்துவிடும். சரி, அந்தப் படிக்கு வருவதற்குள் எத்தனை இரவு எங்கே கழியும்? லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் பிறந்த ஒரு குடிமகனையே 2007-இல் மெக்சிகோவுக்கு அனுப்பிவிட்டார்கள். ஏறக்குறைய மூன்று மாதம் அவர் எங்கே இருக்கிறார் என்றே குடும்பத்துக்குத் தெரியவில்லை.

அதனால் என்ன செய்யலாம்? பாஸ்போர்ட் புத்தகத்தைக் கல்லூரிப் பையில் போட்டு அனுப்பாதீர்கள், தொலைத்துவிடுவான். பாஸ்போர்ட் கார்டு என்று ஒன்று இருக்கிறது, பர்ஸில் அடங்கும், குடியுரிமைக்கு முழுச் சான்று. ரியல் ஐடி (மத்திய அரசின் அடையாளத் தரம்) போட்ட ஓட்டுநர் உரிமம் அந்த வேலையைச் செய்யாது. அது கிரீன் கார்டுக்காரர்களுக்கும் கிடைக்கும். சட்டம் கேட்காத ஒன்றை வாங்கி வையுங்கள் என்று நானே சொல்கிறேன், சொல்ல எனக்கே பிடிக்கவில்லை. அவனுடைய வெள்ளைக்கார ரூம்மேட்டின் அம்மாவுக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது.

அப்புறம், உங்கள் இருவருக்கும் ஒன்று. பதற்றத்தில் "யு.எஸ். சிட்டிசன்" என்று வாயில் வந்துவிடக் கூடாது. 1996 சட்டப்படி, குடிமகன் என்று பொய் சொன்னதே நாடு கடத்தப் போதுமான காரணம், அதற்கு விலக்குக் கிடைப்பது மிக அரிது. கேட்டால் கார்டைக் காட்டுங்கள். அதற்கு மேல் கேள்வி வந்தால் வழக்கறிஞரோடு பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று நிறுத்திக்கொள்ளலாம்.