மருந்துக் கிண்ணமும் கிணற்றுத் தண்ணீரும்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற தாதி. 31 வருடங்கள் வாட்டுகளில் நின்று கால் வீங்கினவள். இப்போது இணுவிலில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறேன். எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று நிலையத்திலிருந்து தம்பி ஒருவர் தொலைபேசியில் கேட்டார். நெபுலைசர் கழுவுகிறதைப் பற்றி என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அக்கா, அதில் 15 நிமிடம் கதைக்க விசயம் இருக்கோ?" என்றார். இருக்கிறது தம்பி, நேரம்தான் போதாது.

முட்டு, அதாவது ஆஸ்துமா, உள்ளவர்கள் மருந்தைத் தூவலாக்கி மூச்சோடு இழுக்க உதவுகிற மெசின்தான் நெபுலைசர். எங்கள் ஒழுங்கையில் மட்டும் ஏழு வீடுகளில் அது இருக்கிறது. முந்தி ஒரு பிள்ளைக்கு முட்டு இழுத்தால், சாமம் என்றாலும் பெரியாஸ்பத்திரிக்கு வெளிக்கிட வேண்டும். இப்போது கனடாவில் இருக்கும் மாமா காசு அனுப்புகிறார், பார்மசியில் வாங்கி மேசையில் வைத்துவிடுகிறோம். சிலர் அங்கிருந்தே மெசினைக் கொண்டுவருவதும் உண்டு. அங்கே கரண்டு 120 வோல்ற், இங்கே 230. பக்கத்து வீட்டில் அப்படி ஒன்றைச் செருகின உடனேயே கருகின மணம் வந்தது, அதோடு அதன் கதை முடிந்தது. மெசினின் அடியில் எத்தனை வோல்ற் என்று எழுதியிருக்கும், பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். மெசின் வீட்டுக்கு வந்தபோது, வாட்டில் தாதி செய்துகொண்டிருந்த வேலையும் கூடவே வந்துவிட்டது. அதைத்தான் ஒருவரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

நெபுலைசர் பிடிப்பதை ஆவி பிடிப்பது மாதிரித்தான் பல அம்மாக்கள் நினைக்கிறார்கள். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான், வெள்ளைப் புகை வருகிறது. ஆனால் நொச்சி இலை போட்டுக் கொதிக்க வைத்து ஆவி பிடிக்கும்போது மேலே வருவது நீராவி, பானையில் உள்ள கிருமி கொதியிலேயே செத்துவிடும். நெபுலைசரில் சூடே இல்லை. மெசின் காற்றை அமுக்கி அனுப்புகிறது. அந்தக் காற்று மருந்துக் கிண்ணத்தின் அடியில் உள்ள சின்னத் துளையால் பாய்ந்து, மருந்தை உடைத்துத் தூவலாக்குகிறது. அவ்வளவுதான். கிண்ணத்துக்குள் மருந்தோடு வேறு என்ன இருந்தாலும் அதுவும் உயிரோடு சேர்ந்து போகும்.

எங்கே போகும்? அந்தத் துளிகள் 1 முதல் 5 மைக்ரோன் அளவு. தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோன் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூக்கும் தொண்டையும் பிடித்து நிறுத்த முடியாத அளவு சின்னத் துளி. நேரே சுவாசப்பையின் அடிவரைக்கும் இறங்கும். மருந்து அங்கே போக வேண்டும் என்பதற்காகத்தான் இப்படிச் செய்திருக்கிறார்கள். அதே வழியால் கிருமியும் போகிறது.

ஈரத்தில் வாழும் கிருமிகளில் எனக்கு மிகவும் பழக்கமானது சூடோமோனாஸ். குழாய் வாயிலும் தொட்டியிலும் அது சீவிக்கும், சாப்பாடு என்று பெரிதாக ஒன்றும் கேட்காது. சத்திரசிகிச்சை வாட்டில் நின்ற தாதிகளுக்கு அதன் மணம் தெரியும். புண்ணில் அது பிடித்தால், கட்டை அவிழ்க்கும் முன்பே முந்திரிகைப்பழம் (திராட்சை) மாதிரி ஒரு இனிப்பு மணம் அடிக்கும், துணியில் பச்சை ஏறியிருக்கும். அது சுவாசப்பைக்குள் குடியேறினால், நோஞ்சான் பிள்ளைக்கும் நெடுநாள் நெஞ்சு வருத்தக்காரருக்கும் பெரிய தொல்லை.

மற்றவர்களைக் குறை சொல்ல முன்னம் என்னுடைய குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். பேத்தியோடு கொழும்புக்குப் போனோம். வெளிக்கிடும் அவசரத்தில் கிண்ணத்தைக் கழுவி, ஈரத்தோடு ஒரு பிளாஸ்ரிக் பைக்குள் போட்டு இறுக்கி முடிந்தேன். மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்தால், மூடியின் உள்விளிம்பில் கறுப்புப் புள்ளிகள். பூஞ்சணம்! 31 வருடம் தாதியாக இருந்தவளின் கைவேலை அது. கழுவாமல் விட்டதால் வந்த பிழை இல்லை, காயவிடாமல் விட்டதால் வந்தது.

அதனால்தான் இன்றைக்குக் கழுவுவதை விடக் காயவைப்பதைப் பற்றித்தான் கூடச் சொல்லப்போகிறேன். ஆனால் முதலில் கழுவல்.

மருந்து முடிந்தவுடன் கிண்ணத்தின் அடியில் ஏறக்குறைய 1 மில்லிலீற்றர் மிஞ்சும். விலை கூடின மருந்தென்று அதை இரவுக்கு வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வைக்காதீர்கள், ஊற்றிவிடுங்கள். பிறகு கிண்ணம், மூடி, உள்ளே இருக்கும் சின்னக் குழல், வாய்த்துண்டு அல்லது மாஸ்க், எல்லாவற்றையும் கழற்றுங்கள். கழற்றாமல் கழுவுவது வாயைத் திறக்காமல் பல்லுத் தீட்டுவது மாதிரி. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு, பாத்திரம் கழுவும் திரவத்தில் இரண்டு சொட்டு விட்ட இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒவ்வொன்றாகக் கழுவி அலசுங்கள். மீன்சட்டி தேய்த்த ஸ்பொஞ்சைத் தொடவே வேண்டாம்.

இனி அலசுகிற தண்ணீர். இங்கேதான் யாழ்ப்பாணத்தின் சங்கதி வருகிறது. நெபுலைசரோடு வரும் குறிப்புப் புத்தகத்தை எழுதியவருக்கு எங்கள் கிணற்றைத் தெரியாது. எங்கள் நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புக்கல். அதற்குள் ஊறி வரும் தண்ணீர் கடினத் தண்ணீர். கேத்திலின் அடியைப் பாருங்கள், வெள்ளையாகப் படை பிடித்திருக்கும். அந்தப் படைதான் மருந்துக் கிண்ணத்தின் துளையிலும் பிடிக்கிறது. ஊசிமுனை அளவுத் துளை, அதில் கொஞ்சம் படிந்தாலே தூவல் குறைந்துவிடும். 10 நிமிடத்தில் முடிய வேண்டிய மருந்து 25 நிமிடம் இழுக்கும். பிள்ளை அழும். மெசின் பழுது என்று புதிது வாங்கின வீடு எனக்குத் தெரியும். மெசினில் ஒரு குறையும் இல்லை, கிண்ணத்தின் துளை அடைத்திருந்தது. ஒன்று சொல்லவேண்டும்: அந்தத் துளையை ஊசியால் குத்த வேண்டாம். துளை பெருத்தால் துளியும் பெருக்கும், மருந்து தொண்டையோடு நின்றுவிடும்.

படையை எடுக்க வினாகிரி நல்லது. ஒரு பங்கு வெள்ளை வினாகிரிக்கு மூன்று பங்கு தண்ணீர், அரை மணித்தியாலம் ஊறவிட்டு அலசினால் துளை திறந்துவிடும். ஆனால் வினாகிரியைக் கிருமி நீக்கியென்று எண்ண வேண்டாம். அது கிருமியைக் கொல்லும் என்று பல மெசின் புத்தகங்களில் எழுதியிருக்கிறதுதான். என்றாலும் சுவாசப்பையில் தடித்த சளி கட்டுகிற பரம்பரை நோயான சிஸ்ரிக் பைப்ரோசிஸ் நோயாளருக்காக வேலை செய்யும் அமெரிக்க அமைப்பு, வினாகிரி போதாது என்றே சொல்கிறது. நானும் அந்தக் கட்சி.

எங்கள் வீடுகளுக்குத் தோதான முறை கொதிக்க வைப்பது. அதற்கென்று மூடியுள்ள ஒரு சின்னச் சட்டியைப் புறம்பாக வைத்துக்கொள்ளுங்கள். கறி வைத்த சட்டி வேண்டாம். கழுவின துண்டுகள் முழுக்க மூழ்கத் தண்ணீர் விட்டு, தளதளவென்று கொதி வந்த பிறகு 5 நிமிடம். பிளாஸ்ரிக் நேரே அடிச்சூட்டில் படாமல் அடியில் ஒரு சுத்தமான துணியைப் போடலாம். எல்லாக் கிண்ணமும் கொதி தாங்காது, புத்தகத்தில் பார்க்க வேண்டும். மெல்லிய மாஸ்க்கைக் கொதிக்க வைத்தால் அப்பளம் மாதிரி வளையும். அதற்குச் சவர்க்காரத் தண்ணீர் போதும். கொதி தாங்காத கிண்ணத்தை 3 வீத ஐதரசன் பரொக்சைட்டில் 30 நிமிடமோ, 70 வீத ஐசோபுரோப்பைல் அற்ககோலில் 5 நிமிடமோ ஊறவைக்கலாம், புத்தகம் விட்டால் மட்டும். பிறகு கொதித்தாறின தண்ணீரில் அலச வேண்டும். பச்சைக் கிணற்றுத் தண்ணீரில் அலசினால் செய்த வேலை வீண். கிணறும் மலசலகூடக் குழியும் ஒரே வளவுக்குள் இருக்கிற ஊர் இது. சுண்ணாம்புக்கல் வெடிப்புகள் எதையும் வடிகட்டித் தராது.

டெற்றோல்? அந்த மணம் வந்தால்தான் சுத்தம் என்று எங்கள் சனத்துக்கு ஒரு நம்பிக்கை. நிலம் துடைக்க அது சரி. முட்டுக்காரப் பிள்ளை மூச்சோடு இழுக்கிற பொருளில் அது வேண்டாம், மணமே இழுப்பைக் கூட்டிவிடும்.

எத்தனை தரம் கொதிக்க வைப்பது என்று கேட்பீர்கள். மருந்து பிடிக்கிற நாட்களில் ஒவ்வொரு தரமும் கழுவல், இரவில் ஒரு கொதி. இது எங்கள் வீட்டுக் கணக்கு. புற்றுநோய்க்கு மருந்தெடுப்பவர்கள், சுவாசக்குழாய் விரிந்து எந்நேரமும் சளியோடு இருப்பவர்கள், இவர்களுக்கு ஒவ்வொரு தரமும் கொதிக்க வைப்பது நல்லது.

இப்போது காயவைப்பது. உதறுங்கள். பிறகு கிண்ணத்தை ரியூபில் கொழுவி, மருந்து இல்லாமல் ஒரு நிமிடம் மெசினைப் போடுங்கள், துளைக்குள் நிற்கும் தண்ணீரைக் காற்றே ஊதித் தள்ளிவிடும். மிச்சத்தைத் தோய்த்துக் காய்ந்த துணியில் கவிழ்த்து, மேலே இன்னொரு மெல்லிய துணியால் மூடி, ஃபானுக்குக் கீழே விடுங்கள். துவாயால் துடைத்தால் நூலும் தூசும் ஒட்டும். முற்றத்து மதிலில் வெயிலில் வைப்பவர்கள் காகத்தையும் யோசிக்க வேண்டும். சோளகம் அடிக்கிற மாதங்களில் வலிகாமத்துச் செம்மண் எங்கே போய் ஒட்டும் என்று எங்களுக்குத் தெரியாததா? மாரியில் வேறு பிரச்சினை, கார்த்திகை மார்கழியில் உடுப்பே காயாது. அதற்குத்தான் இரண்டு கிண்ணம் வாங்கச் சொல்கிறேன். ஒன்று காய, மற்றது வேலைக்கு. காய்ந்த பிறகுதான் மூடியுள்ள பெட்டிக்குள் வைப்பது.

ரியூபைக் கழுவத் தேவையில்லை, கழுவினால் உள்ளே காயாது. உள்ளே நீர் முத்துக் கட்டியிருந்தால், கிண்ணத்தைக் கழற்றிவிட்டு மெசினைக் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். காய்ந்தும் உள்ளே கறையோ பூஞ்சணமோ தெரிந்தால் ரியூபை மாற்ற வேண்டும். மெசினுக்குத் தண்ணீர் காட்டக்கூடாது. பிளக்கைக் கழற்றிவிட்டு ஈரத்துணியால் துடைத்தால் சரி. பக்கத்தில் சின்ன மூடிக்குள் ஒரு பில்ரர் இருக்கிறது. வெள்ளையாக இருக்க வேண்டியது. எங்கள் வீட்டில் கழற்றியபோது செங்கல் நிறம். மெசினை நிலத்தில் வைத்து ஓட்டினால் அப்படித்தான். மேசையில் வையுங்கள், நிறம் மாறினால் பில்ரரை மாற்றுங்கள்.

கிண்ணம் பளபளப்பாக இருந்து என்ன, மருந்தோடு உள்ளே விடுகிற சேலைன் (உப்பு நீர்) பழுதென்றால்? அரை லீற்றர் சேலைன் போத்தலை வாங்கி, ஊசியால் குத்தி, கிழமைக்கணக்கில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் போத்தலில் கிருமியைத் தடுக்க ஒன்றும் கலக்கவில்லை. ஒரு தரத்துக்குரிய சின்னப் பிளாஸ்ரிக் குப்பியில் வருவதை வாங்குங்கள், மிஞ்சினால் கொட்டுங்கள். சேலைன் முடிந்துவிட்டதென்று கொதித்தாறின தண்ணீரை விடுவது அதைவிட மோசம். உப்பில்லாத தண்ணீர் சுவாசக்குழாயை இன்னும் சுருங்கச் செய்யும். வீட்டில் உப்புக் கரைத்து விடுவதும் வேண்டாம்.

இரவல். எங்கள் ஊரில் துலாக்கிணற்றுக் காலத்திலிருந்தே எல்லாம் இரவல்தான். மெசினைக் கொடுங்கள், புண்ணியம். கிண்ணத்தையும் மாஸ்க்கையும் கொடுக்க வேண்டாம், அது பல்லுத் தூரிகை மாதிரி, ஆளுக்கு ஒன்று.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, இது பெரிய தொல்லையாய் இருக்கிறதே என்று யாராவது சொன்னால், உண்மையைச் சொல்கிறேன்: பல பிள்ளைகளுக்கு இந்த மெசினே தேவைப்படாது. பம்மை, அதுதான் கையால் அமுக்குகிற இன்ஹேலரை, ஸ்பேசர் என்கிற பிளாஸ்ரிக் குடுவையோடு கொழுவிச் சரியாகப் பிடித்தால், சாதாரண இழுப்புக்கு நெபுலைசர் அளவுக்கே வேலை செய்யும். உங்கள் வைத்தியரிடம் கேட்டுப் பாருங்கள். ஸ்பேசர் கழுவுவது நேர்மாறு: சவர்க்காரத் தண்ணீரில் முக்கி எடுத்து, அலசாமல், துடைக்காமல் காயவிட வேண்டும். துடைத்தால் பிளாஸ்ரிக்கில் மின்னேற்றம் பிடித்து மருந்தைச் சுவரோடு இழுத்து ஒட்டிவிடும். அலசாமல் விட்டால் மிஞ்சும் மெல்லிய சவர்க்காரப் படலம் அதைத் தடுக்கும். வாய் வைக்கிற இடத்தை மட்டும் துடைத்துவிடுங்கள்.

இன்னொன்று. மருந்து பிடித்தும் பிள்ளை ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் திணறினால், உதடு நீலம் பாய்ந்தால், விலா எலும்புக்கு இடையில் தோல் உள்ளே இழுத்தால், இன்னொரு தரம் பிடித்துப் பார்ப்போம் என்று வீட்டில் காத்திருக்க வேண்டாம். 1990க்கு எடுங்கள். அம்புலன்ஸ் காசு கேட்காது. கிண்ணத்தைப் பிறகு வந்து கழுவலாம்.